இடது கை யாருடையது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. யாரிடமும் சொல்லி எழுதவைத்த கடிதம் இல்லை இது. என் கையாலேயே எழுதுகிறேன். உன் அண்ணி எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, நான் ஒவ்வொரு வரி முடிக்கும்போதும் "முடிஞ்சுதா?" என்கிறாள். இருவரும் நலம். உன் சுகமும் மகள், மாப்பிள்ளை சுகமும் எழுது.

நீ மகள் வீட்டுக்குப் போனபின், நாம் வாசிக்கும் ஹோட்டலில் பாட்டுக் கேட்டு வரும் சீட்டுகளைப் படிக்க ஆள் இல்லை. சர்வர் நெட்டையன் கொஞ்ச நாள் படித்துச் சொன்னான். சூப்பை ஆறவிட்டுவிட்டு என்னோடு நிற்கிறான் என்று மேனேஜர் அவனைத் திட்டினார். அதனால் நூலக மாடியில் மதியம் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டு, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. ஊரெல்லாம் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள், இத்தனை வருஷமாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே.

ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவன் நீ. மழைக்காலம் முழுக்க வரவில்லை. பிறகு மகளை விட்டுப் போனில் சொன்னாய். "பெரியப்பா, அப்பா இனிமே வர்றதா இல்லையாம். உங்களைத் தனியா வாசிக்கச் சொன்னார். தாளம் போடற கீபோர்டா ஒண்ணு வாங்கிக்கணுமாம்." ஏன் என்று அவளும் சொல்லவில்லை. உன் டிரம் செட்டைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறேன்.

மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஏப்ரல் கடைசி வரைக்கும் பார்ப்பேங்க. தனியா ஒப்பேத்த முடியலைன்னா அந்த மூலையில மீன் தொட்டி வச்சிடுவேன். அது பாட்டுக்கு இருக்கும், சம்பளமும் கேக்காது."

என் பழைய கீபோர்டுக்குத் தாளம் போடத் தெரியாது, உனக்கே தெரியும். கடைக்காரர் இரண்டு கீபோர்டு காட்டினார். பெட்டி மேல் இருந்த பெயரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்று அரேஞ்சர். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் டிரம், பேஸ், கிட்டார் எல்லாம் கூடவே கிளம்பிவிடுகின்றன. பிடியை மாற்றினால் அவையும் மாறுகின்றன. இன்னொன்று ஒர்க்ஸ்டேஷன். சத்தம் அசல் போலவே இருக்கிறது. ஆனால் தாளம் தனியாக, பேஸ் தனியாக என்று ஒவ்வொன்றையும் நாமே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேமித்து வைக்க வேண்டும்.

எதை வாங்கட்டும்? பதிலைப் போனில் சொல்லாதே. எழுது. நான் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை மகள் மாப்பிள்ளையிடம் காட்ட, மாப்பிள்ளை அவருடைய ஆபீசில் எல்லாருக்கும் காட்டிவிட்டார். என் அண்ணன் எழுதியது என்று நானும் பால்காரரிடம் சொன்னேன்.

ஒர்க்ஸ்டேஷனையே வாங்குங்கள். அரேஞ்சர் வேண்டாம். அதில் இருக்கும் தாளம் எல்லா ஊரிலும் எல்லாருக்கும் ஒரே தாளம். கல்யாண மண்டபத்திலும் அதுதான், கடைத் திறப்பு விழாவிலும் அதுதான். நமக்கு அது சரிவராது. அடுக்குவது கஷ்டம் என்று பயப்படாதீர்கள். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரிடம் அதே மாதிரி ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது, குச்சியால் தட்டும் டிரம் பலகையும் கால் மிதியும் அதோடு இணைத்திருக்கிறார். தாளம் முழுவதையும் நானே அதில் வாசித்து அனுப்புகிறேன். நீங்கள் ஏற்றிக்கொண்டால் போதும்.

இங்கே எனக்குக் கொஞ்சம் வேலைகள் இருப்பதால் வர இயலவில்லை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நலம். உன் அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் முன்னைவிட நலம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்துக்கு. இரண்டாவது முறை அர்த்தத்துக்கு. மூன்றாவது முறை சந்தேகம் வந்துவிட்டது.

நான் வாசிப்பது சாப்பாட்டு ஹாலில். ஒருவர் பாதிப் பாட்டில் எழுந்துவந்து, "நான் ஒரு சரணம் பாடறேன்" என்கிறார். பாடும்போது ஒரு வரியை மறந்து அடுத்த வரிக்குத் தாவுகிறார். நாமும் கூடவே தாவ வேண்டும். அரேஞ்சர் தாவும், என் இடது கை போகிற இடத்துக்கு வந்துவிடும். ஒர்க்ஸ்டேஷனில் அடுக்கிவைத்தது அடுக்கினபடி போகும், பாடுகிறவரை நடுத்தெருவில் விட்டுவிட்டு. தனியாக வாசிப்பவனுக்கு எது தோது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் இதைச் சொல்கிறாய்?

இன்னொன்று. போன சனிக்கிழமை முதன்முதலாக ஒரு சீட்டை நானே படித்தேன். மேஜை ஏழிலிருந்து வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். "சத்தத்தைக் குறைக்கவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. மறுநாளும் அதே மாதிரி ஒன்று, வேறு மேஜையிலிருந்து.

நீ இருந்தபோது சீட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "அண்ணே, மேஜை ஏழுல மெலடி கேக்கறாங்க, மெதுவா ஒண்ணு எடுங்க" என்பாய். வாரத்துக்கு நாலு பேராவது மெலடி கேட்டார்கள். என் மெலடிக்கு இவ்வளவு மவுசா என்று வீட்டில் வந்து உன் அண்ணியிடம் பெருமை அடிப்பேன். இப்போது அவளிடம் இதைச் சொன்னால் சிரிப்பை நிறுத்தவே மாட்டேன் என்கிறாள்.

ஆக, இத்தனை வருஷம் என்னிடம் பொய் படித்திருக்கிறாய். அந்த ஆள் சொல்லும் கீபோர்டை நான் எப்படி நம்பி வாங்குவது?

இப்படிக்கு,
உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நலம். பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும்.

சீட்டு விஷயம் உண்மைதான். நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தால் நீங்கள் குறைத்திருப்பீர்களா? கூட்டித்தான் வைத்திருப்பீர்கள். மெலடி என்று சொன்னதால்தான் நமக்கு அங்கே இத்தனை வருஷம் சாப்பாடு கிடைத்தது.

கீபோர்டு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். ஒர்க்ஸ்டேஷன். பாடுகிறவர் தாவினால் நீங்கள் அவரைக் கண்ணாலேயே அடக்கிவிடுவீர்கள், எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அரேஞ்சர் வாங்காதீர்கள், அண்ணே. தயவுசெய்து.

அண்ணிக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உன் நலம் எப்படி என்று கேட்பதற்கே இப்போது யோசனையாக இருக்கிறது. நீ ஏதோ ரொம்ப நலமாகத்தான் இருக்கிறாய்.

"தயவுசெய்து" என்று எழுதியிருக்கிறாய். என் பங்கு மீனை எடுத்துத் தின்றபோதுகூட நீ அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்தில்தான் பேச வேண்டும் என்று நானே வைத்த சட்டத்தை மீறி உனக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"அப்பா குளிக்கிறார் பெரியப்பா."

மறுநாள் செய்தேன். "குளிக்கிறார் பெரியப்பா."

"ஏம்மா, உங்கப்பா மனுஷனா, வாத்தா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை அவள். மூன்றாம் நாள் சாயங்காலம் செய்தேன். "வெளியே போயிருக்கார் பெரியப்பா. தினமும் இந்த நேரத்துக்குப் போவார்."

"எங்கேம்மா?"

"அது வந்து... இவர் வண்டியில கூட்டிட்டுப் போவார்." உடனே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

தினமும், குறித்த நேரத்துக்கு, மாப்பிள்ளை வண்டியில். நாம் ஒத்திகைக்குப் போனதும் அப்படித்தானே? அங்கே யாரோ ஒரு கீபோர்டுக்காரனோடு நீ சேர்ந்துவிட்டாய். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரிடம் ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது என்றாயே, அந்த நண்பர்தான் அவர். சரியா? எனக்கு ஒத்துவராத மிஷினை என் தலையில் கட்டிவிட்டால், ஏப்ரலில் நான் தடுமாறுவேன். மேனேஜர் மூலையைக் காலி செய்வார். மீன் தொட்டி வருமா, நீயும் உன் புதுக் கூட்டாளியும் வருவீர்களா?

உன் அண்ணி, "அவர் அப்படிச் செய்யற ஆளா?" என்கிறாள். மெலடி கேட்கிறார்கள் என்று சொன்ன ஆள் எதையும் செய்வான் என்றேன்.

அரேஞ்சரை எனக்காக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். அதில் இருக்கும் டிரம்காரன் தங்கமானவன். பாட்டுக்கு நடுவில் டீ கேட்பதில்லை. யாரோடும் ஓடிப்போவதும் இல்லை.

அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி. நலம்.

நான் யாரோடும் சேரவில்லை. சேரவும் மாட்டேன்.

இதோடு ஒரு மெமரி ஸ்டிக் அனுப்பியிருக்கிறேன். மூன்று தாளங்கள், நான் வாசித்தவை. முதலாவது, நாம் எப்போதும் கச்சேரியைத் தொடங்கும் நடை. கடைக்காரரிடம் கொடுத்து ஒர்க்ஸ்டேஷனில் ஏற்றி, கூடவே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அரேஞ்சர்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அது மட்டும் போதும்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. கேட்டேன்.

கடையில் மதிய நேரம், ஆள் இல்லை. கடைக்காரர் மெமரி ஸ்டிக்கைச் செருகினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெரிய டிரம்மின் உதை வந்தது, உன் கால்தான். சிம்பல் வந்தது, உன் வலது கைதான். குச்சியின் நுனியால் தட்டிக்கொண்டே வந்து, நாலு தட்டுக்கு ஒரு தரம் குச்சியின் பக்கவாட்டால் தட்டுவாயே, அதுவேதான். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன். கடைக்காரர்கூடத் தலையாட்டினார்.

அதன்பின் சின்ன டிரம் வந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

இரண்டாம் தட்டும் நான்காம் தட்டும் உன் இடது கை. அது என்றைக்காவது நேரத்துக்கு வந்திருக்கிறதா? ஒரு மயிரிழை பிந்தித்தான் விழும். எனக்குக் கல்யாணமான புதிதில் அதற்காக உன்னோடு எத்தனை சண்டை போட்டேன். பிறகு அதுதான் பாட்டுக்குச் சாய்ந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்று புரிந்தது. அந்தச் சாய்வில்தான் இத்தனை வருஷம் வாசித்தேன். நீ அனுப்பியதில் சின்ன டிரம் டாணென்று நேரத்துக்கு விழுகிறது. பள்ளிக்கூட மணி மாதிரி. மூன்று தாளத்திலும் அப்படியே. "இன்னொரு தடவை போடுங்க" என்றேன். அவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு."

ஆக, என்னை முட்டாளாக்கப் பார்த்திருக்கிறாய். வலது கை உன்னுடையது. இடது கை யாருடையது? பக்கத்தில் உட்கார்ந்து உனக்காக அடிக்கிறவன் யார்? உன் புதுக் கூட்டாளியா? ஒரு டிரம்முக்கு இரண்டு பேரா?

இதற்கு நேரான பதில் வரவில்லையென்றால் உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. எழுதக் கற்றுக்கொண்டதும் இப்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

அண்ணன்


ஏப்ரல் 11

தம்பிக்கு,

அண்ணன். கடைசிக் கடிதம் என்று எழுதினேன். கடைசி இல்லை என்று உன் அண்ணி சொல்கிறாள்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே வாசலுக்குப் போய்விடுகிறேன். நேற்று அவர், "பெரியவரே, வந்தா நான் தர மாட்டேனா? ஒளிச்சா வச்சுக்கப் போறேன்?" என்று கேட்டார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

"எப்பப் பாத்தாலும் குத்திக் குத்தி எழுதறீங்க. அவர் என்ன கஷ்டத்துல இருக்காரோ" என்கிறாள் உன் அண்ணி. என்ன கஷ்டம் என்றேன். எனக்கெப்படித் தெரியும் என்றாள். பிறகு, "குளிக்கிறார் குளிக்கிறார்னு சொன்னாளே, அது எனக்கு அப்பவே பிடிக்கலை" என்றாள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திட்டியாவது எழுது.

அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டும் என் வலது கைதான், அண்ணே.

நான் மகள் வீட்டுக்கு வந்த மறுவாரம், காலையில் சட்டை போடும்போது இடது கை சட்டைக்குள் வரவில்லை. முதலில் சட்டையைத்தான் குறை சொன்னேன். வாயும் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் இருந்தேன். கால் அதிகம் பாதிக்கவில்லை, நடக்கிறேன். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் நான்கு வார்த்தை பேசினால் உங்களுக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் மகளைப் பொய் சொல்லச் சொன்னேன். பாவம், அவளுக்கு ஒரே ஒரு பொய்தான் வருகிறது. தினமும் மாப்பிள்ளை கூட்டிப்போவது கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு. அங்கே ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார்கள். அது அமுங்குவதே இல்லை. இனி குச்சி பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னால் நீங்கள் அன்றைக்கே ஹோட்டலை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதோடு இருவர் வாசிப்பும் நின்றிருக்கும்.

ஒர்க்ஸ்டேஷன் உங்களுக்குத் தோதில்லை என்று எனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே தெரியும். ஆனால் அதில்தான் ஒரு கையை இரண்டு கையாகக் காட்ட முடியும். காலும் வலது கையும் வாசித்துச் சேமித்துவிட்டு, அதன்மேல் சின்ன டிரம்மையும் வலது கையாலேயே வாசித்து அடுக்கினேன். நீங்கள் அரேஞ்சர் வாங்கிவிட்டால் அதற்குள்ளேயே டிரம்காரன் இருக்கிறான். அப்புறம் நான் எதற்கு? அந்த மூலையில் நானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் ஆசைக்காக உங்களுக்குக் கெடுதலான மிஷினைச் சிபாரிசு செய்தேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

பிந்தி அடித்துப் பார்த்தேன். வலது கைக்குப் பிந்தத் தெரியவில்லை.

அரேஞ்சரையே வாங்குங்கள்.

தம்பி


ஏப்ரல் 30

என் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன், உண்மையாக எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்தேன். உன் அண்ணி பையைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்படி மூட்டை கட்டிடுவீங்கன்னுதானே அவர் மறைச்சார்? முதல்ல வாசிங்க. அப்புறம் போலாம், நானும் வரேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள்.

அரேஞ்சரை வாங்கிவிட்டேன். எழுதியதை முழுதும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நான் கடைக்காரரிடம், "இதுக்குள்ள இருக்கிற டிரம்காரனை வெளியே அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். முடியுமாம். நம் சொந்தத் தாளத்தை அதில் ஏற்றிக்கொள்ளலாமாம், பேஸும் கிட்டாரும் அதற்குப் பின்னால் வருமாம். உன் முதல் தாளத்தை ஏற்றச் சொன்னேன். "சின்ன டிரம்மை மட்டும் எடுத்துடுங்க" என்றேன். "அது இல்லாம மொட்டையா இருக்குமே பெரியவரே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். அரேஞ்சரில் இடது கையால் ஒரு தரம் பிடித்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அடுத்த பிடி வரும்வரை அது முந்தின பிடியைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் பாட்டு நேரத்தில் முக்கால்வாசி என் இடது கை சும்மா இருக்கிறது. கட்டைகளுக்கு மேலே நாலு ரப்பர் பொத்தான்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் சின்ன டிரம் சத்தத்தை வைத்துக் கொடுத்தார்.

உன் காலும் வலது கையும் அதில் ஓடுகின்றன. உன் இடது கையை நான் வாசிக்கிறேன்.

பிந்தி அடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று யார் சொன்னார்கள் எனக்கு? முதலில் நேரத்துக்கு விழுந்தது. பிறகு ரொம்பப் பிந்தி, மாடிப்படியில் தேங்காய் உருண்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் பகலெல்லாம் இதே வேலை. "நேரா வாசிக்க ஒரு ஆயுசு படிச்சீங்க. இப்ப கோணலா வாசிக்கப் படிக்கிறீங்களா?" என்றாள் உன் அண்ணி. நேற்றைக்கு முந்தினநாள் மதியம், நான் எதையோ நினைத்துக்கொண்டு தட்டியபோது விழுந்தது. அதே மயிரிழை. அவள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றுவிட்டாள்.

நேற்று ஹோட்டலில் வாசித்தேன். மேனேஜர் தூணில் சாய்ந்து கேட்டார். மூன்றாவது பாட்டில் ஒருவர் எழுந்துவந்து பாடினார், ஒரு வரியை முழுங்கிவிட்டுத் தாவினார், நாங்கள் எல்லாரும் அவரோடு தாவினோம். கடைசியில் மேனேஜர் என்னிடம், "மீன் தொட்டியை வாசல்ல வச்சுக்கறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

மற்ற இரண்டு தாளத்தையும் சின்ன டிரம் இல்லாமல் வாசித்து வை. இன்னும் வேண்டும், குறைந்தது பத்து. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நானும் உன் அண்ணியும் வருகிறோம், நேரில் வாங்கிக்கொள்கிறேன். மகளிடம் சொல், நான் வரும்போது நீ குளித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நேற்று வந்த சீட்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மேஜை நான்கு. நானாக ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. நீயே படித்துக்கொள். "டிரம் வாசிப்பவரைக் கொஞ்சம் சத்தம் குறைக்கச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்